அயல்நாட்டுப் பயணமும் வங்கி அட்டையும்

'கையிலே காசு, வாயிலே தோசை' என்பது பழமொழி. காசை நீட்டிய மாத்திரத்தில் பண்டம் கைக்கு வந்துவிடும். இடையில் எவருடைய இசைவும் வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. இப்பழமொழி பிறந்த காலத்தில் காசும் தோசைக் கடையும் ஒரே ஊரில் இருந்தன. இன்றோ காசு வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ உள்ள வங்கிக் கணக்கிலே கிடக்க, அதற்கு உடையவர் பாரிஸ் நகரத்துப் புகையிரத நிலையத்திலே பசியோடு நிற்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையே 8,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. அத்தொலைவை ஒரு சிறிய பிளாஸ்திக் அட்டையே கடந்து செல்லல் வேண்டும். அவ்வட்டை எப்பொழுது கைகொடுக்கும், எப்பொழுது கைவிடும், கைவிடாதிருத்தற்குப் பயணி செய்ய வேண்டுவன யாவை என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

பொருளைச் சுமந்துகொண்டு தூரதேசம் செல்வதிலுள்ள இடரை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கொழும்பிலே செட்டியார் தெருவில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அயல்நாடுகளிலே தம்மவர் வைத்திருந்த கடைகளுக்கு உண்டியல் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவ்வுண்டியலை உரிய கடையிலே காட்டினால் பணம் கிடைக்கும். தாளுக்கும் மைக்கும் மதிப்பில்லை. எழுதியவரைப் பணம் கொடுப்பவர் அறிந்திருந்தமையே அதன் மதிப்பு. மேனாட்டாரும் இவ்வாறே வங்கிகள் எழுதிக் கொடுத்த நாணயக் கடிதங்களோடு பயணஞ் செய்தனர். 1890ஆம் ஆண்டளவிலே, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவராகிய ஜே. சி. பார்கோ என்பவர் அத்தகைய கடிதத்துடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். பெருநகரங்களை விட்டு அகன்றதும் அக்கடிதத்தை மதிப்பார் எவருமிலர். பெருஞ் செல்வராகிய அவர் கையிற் பணமின்றி அல்லலுற்றுத் திரும்பினார். அதன் பயனாக, அவருடைய கம்பெனியில் அலுவல் பார்த்த மார்செல்லஸ் பெரி என்பவர் 1891இல் பயணிகள் காசோலையை வகுத்தார். வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது மற்றொரு கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தால் பணம். நீண்ட காலம் உலகப் பயணிகளுக்குத் துணையாயிருந்த அக்காசோலை இன்று அருகிவிட்டது. அதன் இடத்தை அட்டை பிடித்துக்கொண்டது.

அட்டையின் வரலாறு நெடியதன்று. 1950இல் நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் தோன்றிற்று. அதன் அட்டை காகித மட்டையால் ஆயது. 1958இல் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்ணியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்தாருக்குத் தன் அட்டையை வழங்கிற்று. அதுவே 1976இல் விசா என்னும் பெயரைப் பெற்றது. பணம் வழங்கும் பொறி 1967 ஜூன் 27ஆம் நாள் லண்டனின் வடபகுதியிலுள்ள என்பீல்ட் என்னுமிடத்திற் பார்க்ளேஸ் வங்கியின் சுவரிலே திறந்து வைக்கப்பட்டது. அதனை ஆக்கிய ஜோன் ஷெப்பர்ட் பாரன் இந்தியாவிலுள்ள ஷில்லோங் நகரிற் பிறந்தவர். இரகசிய இலக்கத்தை ஆறு இலக்கங்களாக அமைக்க அவர் முதலில் எண்ணினாராம். நான்குக்கு மேல் தமக்கு நினைவில் நில்லாது என்று அவருடைய மனைவியார் கூறவே, அஃது நான்காகச் சுருங்கிற்று. அந்நான்கு இலக்கங்களே இன்றும் உலகின் பெரும்பகுதியிற் பயணியின் திறவுகோலாக விளங்குகின்றன.

அட்டை காசன்று என்பதே பயணி முதலில் உணர வேண்டியது. காசு ஒரு பொருள்; அட்டையோ ஒரு கேள்வி. கடையிலுள்ள கருவியில் அட்டையைச் செருகியவுடன், 'இவருக்கு இத்துணைப் பணம் கொடுக்கலாமா?' என்னும் கேள்வி அங்கிருந்து புறப்படுகின்றது. அது முதலில் கடைக்காரருடைய வங்கிக்குச் செல்கின்றது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்ட் முதலான வலையமைப்புக்களுள் உரியதனிடம் போய்ச் சேர்கின்றது. அவ்வலையமைப்பு அட்டை இலக்கத்தைக் கொண்டு, அதனை வழங்கிய வங்கி இலங்கையில் உள்ளது என்று கண்டு, கேள்வியை அவ்விடத்துக்கு அனுப்புகின்றது. வங்கியின் கணிப்பொறி கணக்கைப் பார்க்கின்றது, எல்லையைப் பார்க்கின்றது, இச்செலவு இவருடைய வழக்கத்துக்கு ஒத்ததா என்றும் பார்க்கின்றது. பின்னர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடை வந்த வழியே மீள்கின்றது. இவையனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், இத்தனை கைகள் மாறியதை எவரும் உணர்வதில்லை. ஒரு கை தவறினாலும் விடை வாராது. அப்பொழுதுதான் பயணிக்கு அட்டையின் இயல்பு விளங்குகின்றது.

ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவர் வவுனியாவில் முப்பதாண்டு கற்பித்து ஓய்வு பெற்றவர். பாரிஸிலுள்ள மகளைக் காணச் செல்கின்றார். கணக்கிலே போதிய பணம் உண்டு. கைப்பையிலே ஒரே வங்கியின் டெபிட் அட்டையும் கடனட்டையும் உள்ளன. இரண்டு அட்டை இருக்கக் குறையென்ன என்னும் துணிவு அவருக்கு. விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்ன மகள் வேலைத்தலத்திலே தடைப்பட்டுவிடுகின்றார். ஆசிரியை தேநீர்க் கடை ஒன்றிலே டெபிட் அட்டையை நீட்டுகின்றார், கருவி மறுக்கின்றது. புகையிரதப் பயணச்சீட்டு விற்கும் பொறியிடம் கடனட்டையோடு செல்கின்றார். அஃது இரகசிய இலக்கத்தைக் கேட்கின்றது. ஊரிலே கையொப்பமிட்டே கடனட்டையைப் பயன்படுத்தியவர் அவர். அதற்கென ஓர் இலக்கம் உண்டு என்பதனை அவர் எண்ணியதே இல்லை. டெபிட் அட்டையின் இலக்கத்தை மூன்று முறை அழுத்துகின்றார். மூன்றாம் முறையோடு அட்டை பூட்டிக்கொள்கின்றது. பின்னால் நிற்போர் பொறுமை இழக்கின்றனர். ஒருவரிடமும் ஒரு சதமும் கடன் வாங்கியறியாத அவ்வம்மையார், ஏதோ பொய்யான தாளை நீட்டி அகப்பட்டவர்போல் முகம் சிவந்து ஒதுங்கி நிற்கின்றார். பணம் இருந்தும் பணமில்லாதவராயினார்.

அயல்நாட்டில் அட்டை மறுக்கப்படும்போது பணத்தட்டுப்பாட்டினும் மானமே பெரிதும் வருத்துகின்றது. ஆனால், அம்மறுப்பு அவரைப் பற்றிய தீர்ப்பன்று. வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் விடைகளுக்குக் குறியீட்டு எண்கள் உண்டு. 51 என்றால் கணக்கிற் பணம் போதாது. 91 என்றால் அட்டையை வழங்கிய வங்கியோடு தொடர்பு கிடைக்கவில்லை. 05 என்றால் காரணம் கூறாத பொது மறுப்பு. கடைக்காரர் பெரும்பாலும் 'மறுக்கப்பட்டது' என்னும் ஒரு சொல்லையே காண்கின்றார். பணமில்லாதவருக்கும், வங்கியின் கணிப்பொறி உறங்கிவிட்டவருக்கும் அங்கே ஒரே சொல்தான். ஆதலால் மறுப்பைக் கேட்டு நாணுவதினும், காரணத்தை ஆராய்ந்து வேறு வழி தேடுவதே அறிவுடைமை. ஆசிரியைக்கு நேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றுள் எதுவும் பயணத்துக்கு முன் தவிர்த்திருக்க முடியாததன்று என்பது தெளிவாகும்.

முதலாவது, வங்கியின் ஐயம். நேற்றுவரை வவுனியாவிலே அரிசியும் மருந்தும் வாங்கிய அட்டை இன்று திடீரெனப் பாரிஸிலே காணப்படுமாயின், அது களவு போனதோ என்று வங்கியின் கணிப்பொறி ஐயுறுதல் இயல்பே. களவைத் தடுக்க ஏற்பட்ட காவல் சில வேளைகளில் உடையவரையே தடுத்துவிடுகின்றது. சில வங்கிகள், வாடிக்கையாளர் கேட்டாலன்றி அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைப்பதில்லை. எனவே, புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே வங்கிக்குச் சென்றோ, வங்கியின் செயலி வாயிலாகவோ, செல்லும் நாடுகளையும் நாட்களையும் அறிவித்தல் வேண்டும். இடையில் விமானம் மாறும் நாட்டையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. விமானம் தவறி அங்கே ஓரிரவு தங்க நேர்ந்தால் அங்கும் அட்டை வேண்டியிருக்கும். வெளிநாட்டிலே ஒரு நாளைக்கு எவ்வளவு செலவிடலாம், எவ்வளவு காசாக எடுக்கலாம் என்னும் எல்லைகளையும் அப்பொழுதே கேட்டறிதல் தகும். இலங்கையிலே 2022இல் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததை மறந்தவர் இலர். அத்தகைய காலங்களில் இவ்வெல்லைகள் குறைக்கப்படுதலும் கூடும். சென்ற பயணத்தில் இருந்த எல்லை இம்முறையும் இருக்குமென்று எண்ணிவிடலாகாது. அட்டையின் முகத்திலே பொறித்துள்ள முடிவுத் திகதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பயணத்தின் நடுவே காலாவதியாகும் அட்டை, பாதி வழியில் வற்றிவிடும் கிணறாகும்.

இரண்டாவது, இரகசிய இலக்கம். கடையிலே ஆள் இருக்குமிடத்தில் கையொப்பமோ, வெறுமனே தொட்டுக் காட்டுதலோ போதுமானதாகலாம். ஆளில்லாப் பொறிகளோ இரகசிய இலக்கத்தை எதிர்பார்ப்பது பெரும்பான்மை. புகையிரத நிலையத்துப் பொறி, நெடுஞ்சாலைச் சுங்கப் பொறி, இரவு நேரத்து எரிபொருள் நிலையம் ஆகியவை அத்தகையன. தொட்டுக் காட்டும் முறைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தொகை எல்லை உண்டு; அதனைத் தாண்டினால் இலக்கம் கேட்கப்படும். ஆகவே, கையிலுள்ள ஒவ்வோர் அட்டைக்கும் இரகசிய இலக்கத்தைப் பெற்று, உள்ளூரிலேயே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்த பின்னரே புறப்படல் வேண்டும். நான்கு இலக்கங்களுக்கு மேற்பட்டதை ஏற்காத பொறிகள் சில நாடுகளில் உள்ளமையால், இலக்கம் நான்காக இருத்தல் வசதி. எழுத்துக்களைக் கொண்டு இலக்கத்தை நினைவில் வைத்திருப்போர் அவ்வழக்கத்தை விடுதல் வேண்டும். பல பொறிகளில் எழுத்துக்கள் பொறிக்கப்படுவதில்லை. இலக்கம் ஐயமானால் இரண்டாம் முறையோடு நிறுத்திவிடுதல் அட்டையைக் காக்கும்.

மூன்றாவது, தொலைபேசி. முற்காலத்தில் அட்டை ஒன்றே போதியதாயிருந்தது. இன்றோ இணைய வழியாகப் பயணச்சீட்டோ விடுதி அறையோ வாங்கும்போது, ஒருமுறை மாத்திரம் பயன்படும் கடவுச்சொல்லை வங்கி கைத்தொலைபேசிக்கு அனுப்புகின்றது. ஐயத்துக்குரிய செலவு நேர்ந்தால், 'இது தாங்கள் செய்ததா?' என்னும் கேள்வியும் அத்தொலைபேசிக்கே வரும். ஆசிரியையின் சிம் அட்டையோ, வெளிநாட்டில் அதற்குச் செலவு மிகும் என்று எவரோ சொன்ன ஆலோசனையின்படி, வவுனியாவில் அவருடைய அலுமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. வங்கி கேட்டது, விடை கூறுவாரில்லை. எனவே, ஊர்ச் சிம் அட்டையை உடன் கொண்டுசெல்லல் வேண்டும். குறுஞ்செய்தி பெறுமளவுக்காவது அது வெளிநாட்டில் இயங்குமாறு தொலைபேசிக் கம்பெனியிடம் ஏற்பாடு செய்தல் வேண்டும். பேசுதற்கும் இணையத்துக்கும் அந்நாட்டுச் சிம் அட்டையை வேறாகப் பயன்படுத்தலாம். குறுஞ்செய்திக்குப் பதிலாகத் தன் செயலியிலேயே இசைவு பெறும் வங்கியாயின், செயலியைப் புறப்படுமுன் நிறுவி இயக்கிப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

நான்காவது, செல்லும் நாட்டின் வழக்கம். ஒரு நாட்டில் இயங்கிய முறை மற்றொரு நாட்டில் இயங்குமென்பது உறுதியன்று. லண்டன் நகரப் பேருந்துகள் 2014 ஜூலை முதல் காசை ஏற்பதில்லை. அட்டையையோ கைத்தொலைபேசியையோ தொட்டே ஏறல் வேண்டும். அங்கே நிலத்தடிப் புகையிரதத்தில் ஏறும்போது தொட்ட அதே அட்டையை இறங்கும்போதும் தொடாவிடின், கட்டணம் கூடுதலாகும். ஜேர்மனியிலோ இதற்கு மாறாக, அந்நாட்டு வங்கிகளின் ஜிரோகார்ட் அட்டையையன்றிப் பிறவற்றை ஏற்காத சிறு கடைகளும், காசையன்றி எதனையும் ஏற்காத உணவுச்சாலைகளும் இன்னும் உள்ளன. ஜப்பானில் எல்லாப் பணப் பொறிகளும் வெளிநாட்டு அட்டையை ஏற்பதில்லை. செவின் வங்கியின் பொறிகளும் தபாலக வங்கியின் பொறிகளும் ஏற்கும். சீனாவிலே மக்கள் தொலைபேசியிலுள்ள அலிபே, வீசாட் பே என்பவற்றால் பணம் செலுத்துகின்றனர்; 2023 முதல் வெளிநாட்டார் தம் அட்டைகளை அவற்றோடு இணைத்தல் எளிதாயிற்று. உக்ரேன் போரையடுத்து 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்ட்டும் இரசியாவிற் பணியை நிறுத்தின. அதன்பின் வெளிநாட்டில் வழங்கப்பட்ட அவற்றின் அட்டைகள் அந்நாட்டுக் கடைகளிற் பயன்படவில்லை. போகுமிடத்து வானிலையை விசாரிப்பவர், போகுமிடத்துக் காசு வழக்கத்தையும் விசாரித்தல் வேண்டும்.

இவையெல்லாம் பயணி முன்னதாகச் சீர்செய்து கொள்ளத்தக்கவை. எவ்வளவு சீராக இருந்தபோதிலும், அவருடைய குற்றமேதுமின்றி அட்டை செயலிழக்கும் நாட்களும் உண்டு. 2018 ஜூன் முதலாம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், ஐரோப்பா எங்கும் விசா அட்டைகள் தடுமாறலாயின. கடைகளில் மக்கள் வரிசையாக நின்றனர். பொருட்களை வண்டியோடு விட்டுச் சென்றவரும் உளர். பத்து மணி நேரத்துக்கு மேல் நீடித்த அத்தடையில், சுமார் 52 இலட்சம் கொடுக்கல் வாங்கல்கள் நிறைவேறாது போயின.

அதன் காரணம் சிந்திக்கத்தக்கது. விசா நிறுவனம் பிரித்தானியாவில் இரண்டு தரவு நிலையங்களை வைத்திருந்தது. ஒன்று பழுதானால் மற்றது முழுச் சுமையையும் தாங்கும் என்பது ஏற்பாடு. அன்று ஒரு நிலையத்திலுள்ள இணைப்புக் கருவியின் ஓர் உறுப்புப் பழுதுற்றது. ஆனால் முற்றாகப் பழுதுறவில்லை. பாதி உயிரோடிருந்தமையால், காத்திருந்த மாற்றுக் கருவி உடனே பொறுப்பை ஏற்கவில்லை. முற்றாக விழுந்திருந்தால் மாற்று எழுந்திருக்கும். பாதி விழுந்தமையால் சேவை தடுமாறிற்று. அன்று விசா அட்டைகள் இரண்டை வைத்திருந்தவருக்கு இரண்டும் தடுமாறின. ஒரு விசாவும் ஒரு மாஸ்டர்கார்ட்டும் வைத்திருந்தவரோ மற்றதை எடுத்து நீட்டிப் பொருளை வாங்கிக்கொண்டு வீடு சென்றார். காசு வைத்திருந்தவருக்கு இவ்வாறு ஒன்று நேர்ந்ததே தெரியாது.

மற்றொரு நிகழ்ச்சி கனடாவில் நேர்ந்தது. 2022 ஜூலை 8ஆம் நாள், அந்நாட்டின் பெருந் தொலைத்தொடர்புக் கம்பெனிகளுள் ஒன்றாகிய ரோஜர்ஸ் தன் வலையமைப்பிற் செய்த ஒரு மாற்றத்தினால், அதன் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே நின்றன. அக்கம்பெனியின் இணைப்பையே நம்பியிருந்தமையால், கனடிய வங்கிகளின் டெபிட் அட்டைகளை இணைக்கும் இன்ரராக் சேவையும் நாடு முழுவதும் முடங்கிற்று. அன்று ரொறன்ரோக் கடைகள் பலவற்றின் வாயிலில், காசு மட்டுமே ஏற்கப்படும் என்னும் அறிவித்தல் தொங்கிற்று. வங்கிகள் நலமாயிருந்தன, கணக்குகளிற் பணமும் நலமாயிருந்தது. கேள்வியைச் சுமந்து செல்லும் கம்பி மாத்திரமே அறுந்திருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பயணி எண்ண வேண்டியது அட்டைகளையன்று, வழிகளை. ஒரே வங்கியின் இரண்டு அட்டைகள் பெரும்பாலும் ஒரே வழியே. வங்கியின் கணிப்பொறி நின்றால் இரண்டும் நிற்கும். வங்கி ஐயுற்றால் இரண்டையும் ஐயுறும். வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளாயினும் வலையமைப்பு ஒன்றாயிருந்தால், அவையும் ஓரிடத்தில் ஒன்றாகிவிடும். கைத்தொலைபேசியிற் பதிந்துவைத்த அட்டையும் தனி வழியன்று. தொலைபேசியின் மின்கலம் தீர்ந்தால் அதுவும் தீரும். இரு வங்கிகள், இரு வலையமைப்புக்கள், அவற்றோடு சிறிது காசு என மூன்றும் சேர்ந்தாலே வழிகள் மூன்றாகும். அம்மூன்றையும் ஒரே கைப்பையிலே வைத்தால் மீண்டும் ஒன்றாகிவிடும். கள்வன் ஒருவன் மூன்றையும் ஒருசேரக் கொண்டுபோவான். ஆகையால் ஓர் அட்டை உடலோடும், மற்றது பெட்டியிலும், காசு வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதாயின், இருவரும் வெவ்வேறு அட்டைகளை வைத்திருத்தல் எளிய ஏற்பாடு.

காசு எவ்வளவு கொண்டுசெல்வது? அதற்கும் ஓர் அளவு கூறலாம். ஒரு பயணச்சீட்டு வாங்கவும், ஒரு வேளை உண்ணவும், ஓரிரவு எளிய விடுதியிலே தங்கவும் போதியது எதுவோ அதுவே அளவு. அட்டையின் தடை பெரும்பாலும் ஒரு நாளைக்குள் நீங்கிவிடும்; அவ்வொரு நாளைக் கடத்தக் காசு வேண்டும். அதற்கு மேற்பட்டது சுமையும் அச்சமுமாகும். சிறு தாள்களாகக் கொண்டுசெல்லல் நன்று. பெருந்தாளைப் பேருந்திலும் சிறு கடையிலும் மாற்றுதல் அரிது.

பணப் பொறியையோ கடைக் கருவியையோ பயன்படுத்தும்போது, 'அந்நாட்டு நாணயத்திற் செலுத்துகிறீர்களா, உங்கள் நாட்டு ரூபாயிற் செலுத்துகிறீர்களா?' என்னும் கேள்வி தோன்றுவதுண்டு. ரூபாய்க் கணக்குப் பழகிய கண்ணுக்கு ரூபாயே இனிதாகத் தோன்றும். அதனைத் தெரிந்தால், நாணய மாற்று வீதத்தைக் கடைக்காரர் பக்கத்துக் கம்பெனி தன் இலாபத்தையும் சேர்த்து வகுத்துவிடும். அந்நாட்டு நாணயத்தையே தெரிந்தால், வலையமைப்பின் வீதமும் சொந்த வங்கியின் கட்டணமுமே சேரும். பெரும்பாலும் இதுவே மலிவு. 100 யூரோச் செலவில் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடினால் ஐந்து யூரோ நட்டமாகும். ஒரு மாதப் பயணத்தில் அது சிறு தொகையன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலே இம்மேலதிகத்தை வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்னும் விதி 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. காட்டினாலும் பார்ப்பவர் பார்த்தாலன்றிப் பயனில்லை.

விடுதிகளும் வாடகை மோட்டார்க் கம்பெனிகளும் செய்யும் ஒன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். அவை வாடகையோடு மேலும் ஒரு தொகையை, சேதம் நேர்ந்தால் ஈடாகும் பொருட்டு, அட்டையிலே ஒதுக்கி வைக்கின்றன. பணம் போகவில்லை, ஆயினும் அதனைச் செலவிட முடியாது. டெபிட் அட்டையைக் கொடுத்தால் கணக்கிலுள்ள சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும். விடுவிக்கப்படச் சில நாட்கள் செல்லும். எனவே, ஈட்டுக்குக் கடனட்டையையும், அன்றாடச் செலவுக்கும் காசெடுக்கவும் டெபிட் அட்டையையும் வழங்குதல் சிறந்த முறை. கடனட்டையாற் காசெடுத்தால் எடுத்த அன்றே வட்டி தொடங்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

இனிக் காவல். அட்டையின் பின்புறத்துக் காந்தப் பட்டிக்கு ஒரு கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் பொறியியலாளர் பொரஸ்ட் பரி, காந்த நாடாவை அட்டையில் ஒட்டும் வகையறியாது மயங்கினார். துணி மினுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவியார், மினுக்கும் பெட்டியின் சூட்டால் ஒட்டிப் பார்க்கலாமே என்றார், ஒட்டிற்று. எளிதாக ஒட்டிய அப்பட்டியைக் கள்வர் எளிதாகவே படியெடுக்கவும் கற்றனர். இன்றைய அட்டையிலுள்ள சில்லு, ஒவ்வொரு செலவுக்கும் புதிய மறைகுறி ஒன்றை உண்டாக்குவதால், அதனைப் படியெடுத்தல் அரிது. மாஸ்டர்கார்ட், 2033ஆம் ஆண்டளவில் காந்தப் பட்டியை முற்றாக ஒழிக்கப்போவதாக 2021இல் அறிவித்தது. அதுவரை, கருவியிலே தேய்ப்பதற்குப் பதிலாகச் சில்லைச் செருகுதலோ தொடுதலோ நன்று. தெருவோரப் பொறியினும் வங்கிக் கட்டடத்துள் இருக்கும் பொறி பாதுகாப்பானது. வங்கி திறந்திருக்கும் நேரத்தில் அதனைப் பயன்படுத்தினால், பொறி அட்டையை விழுங்கினாலும் கேட்பதற்கு ஆளிருக்கும். வங்கியின் அவசரத் தொலைபேசி இலக்கத்தை, நாட்டுக் குறியீடாகிய 94 என்பதோடு சேர்த்து, ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அட்டையின் பின்புறத்திலும் தொலைபேசியிலும் மாத்திரம் அவ்விலக்கம் இருந்தால், அவை களவுபோன அன்று அதுவும் களவுபோகும்.

பாரிஸ் விமான நிலையத்தில் நின்ற ஆசிரியைக்கு என்ன நேர்ந்தது? புறப்படும் நாளன்று தமக்கையின் மகன், "சித்தி, வழிச்செலவுக்கு வைத்திருங்கோ" என்று சொல்லி, இருபது யூரோத் தாள்கள் இரண்டை அவருடைய கையிலே திணித்திருந்தான். அட்டை இருக்க இது எதற்கு என்று அவர் மறுத்ததும் உண்டு. பிரார்த்தனைப் புத்தகத்தின் இடையிலே மடித்து வைத்திருந்த அத்தாள்களை எடுத்துக்கொண்டு, பொறியை விட்டு ஆளிருந்த சாளரத்துக்குச் சென்றார். பயணச்சீட்டுக் கிடைத்தது, ஒரு கோப்பைத் தேநீரும் கிடைத்தது. மாலையில் மகளுடைய வீட்டிலிருந்து வங்கியோடு பேசி, டெபிட் அட்டையைத் திறப்பித்துக்கொண்டார்.

அடுத்த முறை அவர் பயணஞ் செய்யின், இரண்டாம் வங்கி ஒன்றின் அட்டையும், பழகிப் பார்த்த இரகசிய இலக்கங்களும், இயங்கும் சிம் அட்டையும், காகிதத்தில் எழுதிய தொலைபேசி இலக்கமும் அவரோடு செல்லும். பிரார்த்தனைப் புத்தகத்தினிடையே இரண்டு தாள்களும் இருக்கும். அட்டை பெரும்பாலான நாட்களில் உண்மையாகவே உதவும். அதனை அஞ்சி ஒதுக்குவது பேதைமை. உதவாத ஒரு நாளும் வருமென்று எண்ணி, அந்நாளுக்கென ஒரு வழியை வைத்திருப்பதே பயணியின் கடமை. அட்டைக் கேள்விக்கு விடை வாராத அந்நாளிலும், கையிலே காசுள்ளவருக்கு வாயிலே தோசை உண்டு.